மலையில் பதினொரு ரவுட்டர்கள் நின்றுபோன நாள்

பெயர் தமிழரசன், வயது 31, தகப்பனார் பெயர் வீரமுத்து, கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி மாவட்டம். 19.01.2021 அன்று காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வது:

நான் மேற்கண்ட விலாசத்தில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். எட்டு வருடமாக ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஒரே பொது நெட்வொர்க்கில் இணைந்த அறுபத்து மூன்று இ-சேவை மையங்களின் ரவுட்டர்களுக்கு, இருந்த இடத்திலிருந்தே புதிய செட்டிங்குகளை அனுப்புவது என் வேலை. இதில் பதினொரு மையங்கள் கல்வராயன் மலையில் உள்ளன.

செட்டிங் அனுப்பும்போது பத்து நிமிடக் கெடு வைத்து அனுப்புவோம். அதற்குள் ரவுட்டரிடமிருந்து பதில் வராவிட்டால் அது தானாகப் பழைய செட்டிங்குக்குத் திரும்பிவிடும். மலையில் லைன் மெதுவு என்பதால் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும். ஆகவே மலை மையங்களுக்கு மட்டும் கெடு இல்லாமல், ஒவ்வொன்றாக, ரவுட்டர் நின்றுபோனால் உடனே சொல்ல அங்கே ஒரு ஆள் போனோடு நிற்கும்போதுதான் அனுப்ப வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள மையத்தை நடத்தும் கலையரசி என்பவர் இதற்காகவே சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நிற்பார். மழையிலும் நின்றிருக்கிறார்.

சம்பவ நாளான 06.01.2021 புதன்கிழமை, எங்கள் சமூகத்தாருக்கு உள் இடஒதுக்கீடு கேட்டு ஊரில் மறியல் அறிவித்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் பத்து மணிக்குள் வர வேண்டும், அன்று யாரும் வேலை பார்க்கக் கூடாது என்று பேச்சு. நிறுவனத்திலோ பகல் பன்னிரண்டுக்குள் எல்லா மையங்களுக்கும் செட்டிங் போயாக வேண்டும் என்று கட்டளை. ஆகவே நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் உட்கார்ந்தேன். மலைக்கு ஒவ்வொன்றாக அனுப்ப மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், கெடுவை எடுத்துவிட்டு, அறுபத்து மூன்றுக்கும் ஒரே தடவையில் ஒன்பதேகாலுக்கு அனுப்பினேன். அதன் பிறகு திரையில் 'அனுப்பப்பட்டது 63' என்று வந்தது. அனுப்பியது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மூடிவிட்டு, வழக்கம்போல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன்.

அதன் பிறகு கள்ளக்குறிச்சி சாலையில் என் பெரியப்பா மகன் ராஜாங்கமும் நானும் இன்னும் சிலரும் ஒரு கரும்பு டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினோம். பதினொரு மணிக்குப் போனைப் பார்த்தபோது கலையரசி ஒன்பது முறை கூப்பிட்டிருந்தார். நான் கூப்பிட்டேன். "சார், மெசினு செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினு நிக்குது, இன்னா பண்ணீங்க? தனுஷான்னு ஒரு பொண்ணு சாதிச் சான்றிதழ் எடுத்து நர்சிங் படிப்பு விண்ணப்பத்துல ஏத்தணும், இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசிங்க. நெட்டு வரலைன்னு அப்பனும் பொண்ணும் கீழ எறங்கி வராங்க" என்றார். சமவெளி ஊர்களுக்குச் சரியான செட்டிங் மலை லைனுக்குப் பொருந்தாமல் பதினொன்றும் நின்றுவிட்டன என்று அப்போதே புரிந்தது. கேபிளோடு நேரில் போனால்தான் சரியாகும். "டவர் பிரச்சினையா இருக்கும், நாளைக்குப் பாக்கறேன்" என்றேன். அது பொய்.

அதன் பிறகு இரண்டே முக்காலுக்கு மேற்படி தனுஷாவும் அவர் தகப்பனார் மாயவனும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, சாலை வழியாக நாங்கள் நின்ற இடத்துக்கு வந்தார்கள். ஊரில் கடைகளும் மையமும் அடைப்பு, பஸ் இல்லை. பெண்ணின் ஒரு செருப்பு வார் அறுந்து சணலால் கட்டியிருந்தது. அந்தப் பெண் காகிதங்களை ஒரு யூரியாப் பையில் மடித்து நெஞ்சோடு வைத்திருந்தது. மாயவனுக்கு என்னை மெஷின் மாட்ட வந்தவன் என்று தெரியும். "சார், கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒரு வண்டி சொல்லி வுடுங்க" என்றார். ராஜாங்கம், "ஒருத்தருக்கு வழி வுட்டா எல்லாரும் வருவாங்க. யாருடா தமிழு இவங்க?" என்று கேட்டான். "தெரியல" என்றேன்.

அதன் பிறகு அவர்கள் கரும்புக் கொல்லை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். என் தோளில் லேப்டாப் இருந்தது. போனில் சிக்னல் முழுதாக இருந்தது. அந்தச் சான்றிதழை எடுத்து ஏற்றக் கால் மணி நேரம் போதும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை என்று சொல்லலாம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன். தோன்றியது. திறந்தால் மறியல் அன்று வேலை பார்த்தது ஊருக்குத் தெரியும், மலை மையங்களை நிறுத்தியது நான்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டி வரும், அதற்குப் பயந்தேன். அந்தப் பெண் இரண்டு முறை என்னிடம் மணி கேட்டது. இரண்டு முறையும் சொன்னேன்.

நாலரைக்குப் போலீஸார் வந்து டிராக்டரை அகற்றினார்கள். அதன் பிறகு ஒரு ஷேர் ஆட்டோவில் அவர்கள் ஏறினார்கள். கள்ளக்குறிச்சி மையத்துக்கு ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்ததாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் மறுநாள் மலையேறிப் பதினொன்றையும் சரி செய்தேன். கலையரசி மையச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். தனுஷா மிளகு பறிக்கும் கூட்டத்தோடு கேரளாவுக்குப் போய்விட்டதாக மாயவன் இங்கே புகார் கொடுக்கும்போது சொல்லியிருக்கிறார்.

மலையில் இருப்பவர்கள் பழங்குடியினர் என்பதால், இடஒதுக்கீட்டுப் பகையால் நான் வேண்டுமென்றே மலை மையங்களை நிறுத்தியதாகப் புகாரில் உள்ளது. காலையில் நடந்தது அவசரம், அதில் பகை இல்லை. மத்தியானம் இரண்டே முக்கால் முதல் நாலரை வரை நடந்ததற்கு அப்படிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. புகாரில் உள்ள 'பகை' என்ற வார்த்தையை அடிக்கும்படி நான் கேட்கவில்லை.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை.

(ஒப்பம்) வீ. தமிழரசன்