பதினோரு உதவிக் கச்சேரிகளும் ஒரு வியாழக்கிழமையும்

மேடையில் அமர்ந்திருக்கும் மார்யத்தா அவர்களே, மறைந்த நம் ஐலாவின் தங்கையே, சட்பரி நகரின் இசைக்குழு நண்பர்களே, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். கோட்டு அப்படியே இருக்கட்டும். ஹாலைச் சூடாக்கும் கொதிகலன் இன்றும் வேலை செய்யவில்லை. ரெமி லகாஸ் ஆகிய நான் இங்கே டிரம்ஸ் வாசிப்பவன். பகலில் குழாய் வேலை பார்ப்பவன். கொதிகலனைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம்.

ஐலா ரன்தனென் அவர்கள் இருபத்தாறு ஆண்டுகள் இந்த இசை ஹாலை நடத்தினார். வாசலில் நின்று சீட்டுக் கொடுத்தவர் யார்? ஐலா. வெளியூர்க் குழு பனியில் மாட்டித் தாமதமாக வந்தாலும் பட்டாணி சூப்பைச் சூடாக வைத்திருந்தவர் யார்? ஐலா. பாடவே வராத என் மைத்துனனைப் பாடவிட்டு, "நல்லாத்தான் கத்துன, அடுத்த தடவ கேக்குறதுக்கு வா" என்று தோளில் தட்டி அனுப்பியவரும் அவர்தான்.

அப்படிப்பட்டவரைக் களைக்க வைத்தது யார்? நாம்தான், நண்பர்களே. அன்பினால்தான். கூரை ஒழுகியது, பணம் திரட்ட உதவிக் கச்சேரி வைத்தோம். காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, உதவிக் கச்சேரி. பதினோரு முறை ஊர் கூடித் தேர் இழுத்தோம். ஒவ்வொரு முறையும் ஹால் நிரம்பியது. அடுத்த ஆறு வாரம் ஈ காக்கை வரவில்லை. நம் பங்கைச் செய்துவிட்டோம் என்று வீட்டில் இருந்துவிட்டோம்.

கடந்த நவம்பர் கச்சேரி நினைவிருக்கிறதா? பதினான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தன் ஆட்களை வழக்கம்போல, சீட்டு வாங்காமல் உள்ளே வரும் விருந்தினர் பட்டியலில் எழுதியது. நிற்க இடமில்லை. "பாத்தீங்களா ஐலா, எவ்வளவு கூட்டம்" என்றேன் பெருமையாக.

"கூட்டம் இருக்கு ரெமி. பாதிப் பேரு மேடையில வாசிக்கிறவங்க, மீதிப் பேரு அவங்க கூட வந்தவங்க. டிக்கெட் வாங்குனது ஒம்பது பேரு. அதுல ஒருத்தி என் தங்கச்சி."

அவர் குரலில் கோபமில்லை. களைத்திருந்தார். நான் அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல் டிரம்ஸுக்குப் போய்விட்டேன். அது என்னை இன்றும் குத்துகிறது.

வாசலில் 'ஐலா நினைவு உதவிக் கச்சேரி' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. முப்பத்தொரு குழுக்கள் பெயர் எழுதியிருக்கின்றன. முதல் பெயர் என்னுடையது. பழகிய கை எழுதிவிட்டது. மேடைக்கு வருமுன் அதை அடித்துவிட்டேன். ஹாலை விற்பதா வேண்டாமா என்று மார்யத்தா இந்த மாதக் கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும். இன்னொரு நாள் ஹாலை நிரப்பிக் காட்டி அவரை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

என் உறுதிமொழி சிறியது. வரும் வியாழக்கிழமை டிம்மின்ஸ் ஊரிலிருந்து இரண்டு பெண்கள் பாட வருகிறார்கள். நம்மில் யாரும் கேள்விப்படாதவர்கள். ஐலா கடைசியாக ஒப்புக்கொண்ட கச்சேரி அது. நான் வரிசையில் நிற்பேன், சீட்டு வாங்குவேன், கடைசிப் பாட்டு வரை இருப்பேன். அதற்கடுத்த வியாழனும் வருவேன்.

என்னோடு வருகிறவர்கள் கை தூக்குங்கள். வாசிப்பதற்கு அல்ல, கேட்பதற்கு. மார்யத்தா எண்ணி முடிக்கும் வரை கையை இறக்காதீர்கள்.