எண் இல்லாத மூளைப் பதிவு

என் பெயர் யோகேஸ்வரி, தந்தை பெயர் கமலநாதன். வயது நாற்பத்தாறு. தெப்ராவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக வசிக்கிறேன். முன்பு மருத்துவமனையில் தாதி. நான்கு ஆண்டுகளாக ஜொகூர் பாருவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை. கெட்டமின் மருந்து மனச்சோர்வுள்ளவர்களின் மூளையில் என்ன செய்கிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். ஊசி போட்டபின் மருந்து தெளியும் வரை நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருப்பது என் பொறுப்பு. இதுவரை நாற்பத்தொரு பேர். என் கையைக் கடைசியாகப் பிடித்தவர் இரத்த அழுத்தம் பார்த்த டாக்டர்தான்.

மீதமாகும் மருந்தை இருவர் பார்க்கக் கொட்டி, இருவரும் கையெழுத்திட வேண்டும். மருந்து அலமாரிக்குப் பொறுப்பான சர்புதீன் பார்க்காமலே கையெழுத்திடுவார். "அக்கா ஊத்திட்டேன்னு சொன்னா ஊத்துனதுதான்லா" என்பார். தீபாவளிக்கு முந்தின நாளும் அப்படியே கையெழுத்திட்டார். நான் கொட்டாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதன்பின் தீபாவளியன்று காலை பத்து மணிக்கு, ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில், மூளை அலை பதியும் தொப்பியை நானே மாட்டி, நானே ஊசி போட்டுக்கொண்டேன். போதைக்காக அல்ல. மருந்து தெளிந்ததும் நோயாளிகள் பலர் அழுது சிரித்து என் கையை விட மாட்டார்கள்; அது எனக்கும் வேண்டும் போலிருந்தது. ஒளி கிளி ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் எதையோ தேடியது. கட்டில் கம்பிதான் அகப்பட்டது. அதன்பின் வீட்டுக்குப் போய், கடையில் வாங்கிய முறுக்கைத் தின்றேன்.

அதன்பின் புதன்கிழமை, கணினியில் நோயாளி எண் இல்லாத ஒரு பதிவையும் குப்பையில் ஊசியையும் கண்ட ஆய்வுத் தலைவர் டாக்டர் மதிவாணன் போலீசில் புகார் செய்தார். போலீசார் என்னைக் கேட்டபோது மருந்தைக் கொட்டிவிட்டதாகப் பொய் சொன்னேன். அலமாரிச் சாவி சர்புதீனிடம் இருப்பதால் அவரைப் பிடித்துச் சென்றார்கள். இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. வேலை போனால் எனக்குப் பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை என்ற பயம். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை சர்புதீனின் மனைவி நஜ்வா ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று, "அவர் எடுத்திருப்பாராக்கா?" என்று என்னைக் கேட்டார். அதன்பின் டாக்சி பிடித்து நேராக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

நான் கைதானதை யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சார்ஜன் கேட்டார். எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. அப்போது சர்புதீனை விடுவித்து வெளியே கொண்டுவந்தார்கள். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேனேக்கா" என்றார்.



இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை.

(ஒப்பம்)
க. யோகேஸ்வரி