அந்தச் சொல்லை நான் வாசித்த விதம்

சிங்களம் எனக்கு உரக்கடையில்தான் வந்தது, மிஸ். ராகலையில் நான் வேலை செய்யும் கடைக்கு லீக்ஸ், கரட் போடுகிற சிங்கள விவசாயிகள் நிறையப் பேர் வருவார்கள். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை அவர்களுக்கே நான்தான் வாசித்துக் காட்டுவேன். அளவைப் பிசகாக வாசித்தால் ஒரு பாத்தி முழுக்கக் கருகிவிடும். இதுவரை யாருடைய பாத்தியும் கருகியதில்லை.

ஆகவே, "அவசரத்தில் தப்பாக வாசித்திருப்பீர்கள்" என்று நீங்கள் எனக்காகச் சொல்வது வேண்டாம். நான் சரியாகத்தான் வாசித்தேன். சொன்னதுதான் வேறு.

என் மனைவி லோஜினிக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கண்டியில் முட்டி ஒப்பரேஷன் முடிந்து அனுப்பும்போது, எந்த வாரம் என்ன பயிற்சி என்று ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து மாதமாக அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போது உங்கள் கையில் இருப்பது அதுதான்.

முதல் நாள் தாளில் உள்ளபடியே செய்தோம். குதிகாலைப் பிடித்து மெல்ல மடக்கினேன். "ஐயோ, விடுங்க. இன்னைக்கு இது போதுங்க" என்று அழுதாள். மாகாண வலைப்பந்து அணியில் இரண்டு பேர் சேர்ந்து தள்ளி விழுத்தினாலும் எழும்பி நிற்கிறவள் அவள். அன்று என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். கல்யாணமான பதினான்கு மாதத்தில், பயிற்சி, போட்டி என்று பஸ்ஸுக்கு ஓடாமல் அவள் என்னோடு இருந்த முதல் மாலை அது.

மறுநாள் அவளாகவே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னைக்கு என்னங்க போட்டிருக்கு?"

தாளில் 'நவன்ன' என்றிருந்தது. மடக்குங்கள். நான் 'நவத்தன்ன' என்று வாசித்தேன். நிறுத்துங்கள்.

"நவத்தன்னவா? பஸ்ஸ நிப்பாட்டச் சொல்ற மாதிரியா?" என்று சிரித்தாள்.

"அதேதான். முட்டியில மாட்டியிருக்கிற இந்த இரும்புப் பட்ட வச்ச பெல்ட்டக் கழட்டவே கூடாதாம். மூணு மாசம்."

ஒருநாள் கைப்பேசியில் ஏதோ தமிழ் வீடியோவைக் காட்டினாள். "இவங்க மடக்குறாங்களேங்க?"

"அது இந்தியா ஒப்பரேஷன்டி. ஒனக்குப் போட்டிருக்கிற ஆணி வேற."

நம்பினாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண்டிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் கைப்பேசியைக் காதில் வைத்துச் சிங்களத்தில் பேசிவிட்டு, "வரத் தேவையில்லையாம்" என்பேன். மறுமுனையில் யாரும் இல்லை.

கொழும்பில் ஒரு கம்பனி தன் அணிக்கு அவளைக் கேட்டிருந்தது. வேலை, தங்க இடம், எல்லாம். "நீங்களும் வாங்க. அங்க உரக்கடை இல்லாமலா போயிரும்?" என்றாள். கொழும்பில் யார் உரம் போடுகிறார்கள், மிஸ்? அங்கே நான் மைதானத்து ஓரத்தில் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன்.

எங்கள் லய வீட்டு வரிசையில் கேட்டுப் பாருங்கள். மூன்று வேளையும் சமைத்தேன். குளிப்பாட்டினேன். தலை பின்னிவிட்டேன். "புருசன்னா பிரதாப் மாதிரி இருக்கணும்" என்று பெண்கள் தங்கள் வீட்டுக்காரரைத் திட்டினார்கள். ஊன்றுகோலை இரண்டாம் மாதமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் தோள் இருக்கும்போது கட்டை எதற்கு?

அணித் தலைவி தனுஜாதான் விடவில்லை. "அண்ணே, என் தங்கச்சிக்கும் இதே ஒப்பரேஷன்தான். அவ மூணாம் மாசம் சைக்கிள் மிதிச்சா. இவள என்ன அலமாரி மாதிரி நிக்க வச்சிருக்கீங்க?" என்று இன்று காலை வேனோடு வந்து எங்களை இந்த ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்துவிட்டாள்.

முட்டி முப்பது பாகைக்கு மேல் மடங்கவில்லை, உள்ளே இறுகிவிட்டது, மயக்கம் கொடுத்துப் பலவந்தமாக மடக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியும் அவள் இனிப் பாய்ந்து பந்து பிடிப்பாள் என்று சொல்ல முடியாதாம். எனக்குத் தெரியும். மூன்றாம் மாதம் பெல்ட்டைக் கழற்றியபோதே தெரியும். கால் நீட்டியபடியே நின்றது. பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். "சரியாயிரும்" என்றேன். அன்று பாயாசம் வைத்தேன்.

நான் அவளை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அந்தத் தாளைத் திரும்பவும் என்னிடம் கொடுங்கள், அப்படியேதான் வாசிப்பேன்.

மெதுவாகப் பேசச் சொல்கிறீர்கள். எதற்கு? திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கேட்டால் கேட்கட்டும். கோபப்படுவாள். இரண்டு நாள் பேசமாட்டாள். பிறகு குளிக்க என்னைத்தானே கூப்பிட வேண்டும்?

பெஞ்சில் ஆள் இல்லையா? தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள். வாசலில் ஏழு படி இருக்கிறது, மிஸ். என்னைப் பிடிக்காமல் அவளால் ஒரு படி இறங்க முடியாது. கொஞ்சம் பொறுங்கள்.

கூப்பிடுவாள்.