ஆலிஸ் அக்கா வந்த சனி ஞாயிறு

— கையை ஏன் அக்கா பின்னால இழுத்துக்கிட்டே? பாவம், அந்தம்மா ஆசீர்வாதம்தானே கேட்டாங்க.

— ஆசீர்வாதம் சாமியார் குடுக்கிறது லூயிசா. நான் யாரு குடுக்க?

— கேளு, இங்க அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. கன்னியாஸ்திரின்னா கன்னியாஸ்திரிதான். பதிமூணு வருஷம் கழிச்சு நம்ம கோயில் பங்குப் பொண்ணு ஒருத்தி வடக்கேருந்து வீட்டைப் பாக்க வந்திருக்கா. பூசை நடக்கிறப்பவே பாதிப் பேரு உன்னைத்தான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

— பரவால்ல. பாக்கட்டும்.

— தமிழ்ப் பூசை எப்படி இருந்துச்சு உனக்கு?

— இன்னைக்குத்தான் மொத தடவையா கேக்குறேன். நான் போறப்ப லத்தீன். அங்க இப்ப இந்தி. எல்லாரும் ஒண்ணா ஜெபம் சொன்னாங்க பாரு, அப்ப பின்னால அம்மா நிக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பிக் கூடப் பாத்துட்டேன்.

— அம்மாவுக்கு ஒரு தமிழ்ப் பூசை கூடக் கிடைக்கல. அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. சரி, இப்ப அழ நேரமில்ல. இப்படியே கல்லறைத் தோட்டம். வந்து டிபன். அப்புறம் டி.நகர், உன் ஸ்கூல் சிநேகிதி பங்கஜம் வீடு. சாயங்காலம் அடையாறு, தம்பி அகஸ்டின் வீடு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் பங்குப் பெண்கள் எல்லாம் நம்ம வீட்டுக்கு வராங்க. சாப்பிட்டுட்டு நீ ரயில் ஏறணும்.

— ரெண்டு நாள்ல இவ்வளவுமா?

— ரெண்டு நாள்தானே உங்க மடத்து மதர் குடுத்திருக்காங்க. முன்னல்லாம் அதுவும் கிடையாதே. மடத்துக்குள்ள போனா போனதுதான், பெத்தவங்க செத்தாக்கூட வர முடியாது.

— இப்ப சட்டத்தை மாத்திட்டாங்க.

— அங்கியையும் மாத்திட்டாங்க போல. வெள்ளைப் புடவையில நீ இறங்கி வந்தப்ப எனக்கு அடையாளமே தெரியல. யாரோ ஆஸ்பத்திரி நர்ஸுன்னு நினைச்சேன்.

— இப்ப நிறைய பேர் புடவைதான் கட்டுறாங்க.

*

— இதுதான் அம்மா. பக்கத்துல அப்பா.

— ஆறு இவ்வளவு கிட்டவா இருக்கு?

— மழைக்காலத்துல தண்ணி அந்தச் சுவர் வரைக்கும் வந்துடும். அம்மாவை அடக்கம் பண்ணினன்னைக்கும் மழை. அகஸ்டின் முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு மண்ணு போட்டான்.

— கடைசியா என்ன சொன்னாங்க லூயிசா? நீ எழுதவே இல்லையே.

— உன் போட்டோவைக் கேட்டாங்க. அங்கி போட்டு எடுத்து அனுப்பினியே, அது. நெஞ்சு மேல வச்சுக்கிட்டாங்க. ஒரு பொண்ணை ஆண்டவருக்குக் குடுத்திருக்கேன், எனக்கு என்ன பயம்னாங்க. அவஸ்தைப் பூசுதல் குடுக்க வந்த சாமியாரே கண்ணைத் தொடச்சுக்கிட்டார். அகஸ்டின் அன்னைக்கே தந்தி அடிச்சானே, உனக்கு எப்ப கிடைச்சுது?

— உடனேதான் வந்திருக்கு. எங்கிட்ட சொல்லல. அப்ப கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம். இந்தப் பொண்ணு மனசு கலைஞ்சுடும்னு மதர் மேசையிலேயே வச்சிருந்திருக்காங்க. கிறிஸ்துமஸ் ராத்திரி பூசையில நான்தான் பாடினேன். அம்மா செத்து அவ்வளவு நாள் ஆனது தெரியாம சிரிச்சுக்கிட்டே பாடினேன். மறுநாள் கூப்பிட்டுச் சொன்னாங்க.

— நீ ஒண்ணும் கேக்கலையா?

— கேக்கக் கூடாது. போய் ஆண்டவருக்கு ஒப்புக்குடுன்னாங்க. அன்னைக்குத் துணி துவைக்கிற முறை என்னோடது. போய் எல்லார் துணியையும் துவைச்சேன். அதுக்கப்புறம் எனக்கு ஜெபம் வாயில வருது லூயிசா. உள்ள வரல. இத்தனை வருஷமா வரல.

— அப்படியெல்லாம் சொல்லாதே அக்கா. அம்மா இங்கதான் படுத்திருக்காங்க. காதுல விழும்.

— சரி. சொல்லல.

— மெழுகுவத்தியை நீயே ஏத்து. நான் காத்துக்குக் கை வச்சு மறைச்சுக்கறேன்.

*

— வாடி, உள்ளே வா. உன்னைத் தொடலாமோன்னோ? ஒண்ணும் தப்பில்லையே?

— தொடலாம் பங்கஜம். அதே ஆலிஸ்தான்.

— அதே ஆலிஸா? லூயிசா, உங்கக்கா ஸ்கூல்ல எப்படி வாயாடுவா தெரியுமோ? ஒரே பெஞ்சுல நாலு வருஷம். கெமிஸ்ட்ரி டீச்சரையே கேள்வி கேட்டு மடக்குவா. நான் பக்கத்துல உக்காந்துண்டு நடுங்குவேன். இப்போ என்னடான்னா, வந்ததுலேருந்து வாயே தெறக்க மாட்டேங்கறா.

— மௌனமும் ஒரு தவம்தானே பங்கஜம் அக்கா. மடத்துல அப்படிப் பழக்கியிருப்பாங்க.

— நான் இவகிட்ட கேக்கறேன். நீ காபியக் குடி லூயிசா, ஆறிடும். ஏண்டி ஆலிஸ், நன்னா இருக்கியா?

— இருக்கேன்.

— அப்படி இல்லை. என் மொகத்தைப் பாத்துச் சொல்லு. சந்தோஷமா இருக்கியா?

— பங்கஜம்...

— சந்தோஷத்துக்கு என்ன குறைச்சல் அக்கா? காட்டுக்குள்ள எழுத்து வாசனையே இல்லாத பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறாங்க. அந்தப் பிள்ளைங்க இவங்களைச் சுத்திச் சுத்தி வருமாம். எழுதியிருந்தாங்க.

— வருவாங்க. ஒரு பொண்ணு என் விரலைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்கும். அவளுக்கு அம்மா இல்ல. அப்படிப் பாசம் வைக்கக் கூடாதுன்னு அவளை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க.

— யாரு மாத்தினா?

— பெரியவங்க. ஒரு பிள்ளை மேல தனியா பாசம் வச்சா மனசு ஆண்டவர்கிட்டேருந்து நகந்துடுமாம்.

— இது என்னடி நியாயம்?

— பரவால்ல பங்கஜம். விடு.

— எல்லாத்துக்கும் பரவால்ல பரவால்லைங்கறியே. என்னிக்குக் கத்துண்டே இந்த வார்த்தையை? ஒரு நாள் கூட இரேன். ஒரே ஒரு நாள். மாமியார் படுத்த படுக்கையா இருக்கா, ஸ்டேஷனுக்குக் கூட என்னால வர முடியாது. நாளன்னிக்குப் போனா குடியா முழுகிடும்?

— முடியாது அக்கா. மதர்கிட்ட சொல்லிட்டு வந்த தேதி. மீறினா அடுத்த தடவை விட மாட்டாங்க.

— உங்கிட்ட கேக்கலைம்மா லூயிசா.

— அவ சொல்றது சரிதான் பங்கஜம். நாங்க கிளம்பறோம். பஸ் பிடிச்சு அடையாறு போகணும்.

*

— ஜன்னல் பக்கம் உக்காரு அக்கா, காத்து வரும். அகஸ்டின் சரியா பேசலைன்னு வருத்தப்படாதே. அவன் சுபாவம் அப்படி.

— என்னை சிஸ்டர்னு கூப்பிட்டான் லூயிசா. நான் இடுப்புல தூக்கிச் சுமந்த பையன்.

— மரியாதைக்குச் சொல்றான்.

— அவன் பிள்ளைங்க வரிசையா முழங்கால் போட்டுச்சுங்க. சின்னவ மட்டும் மடியில ஏற வந்தா. அவ அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டா, சிஸ்டர் புடவை அழுக்காகும்னு.

— அவ அப்படித்தான், சுத்தம் சுத்தம்னு சாவா.

— நீ உள்ள இருந்தப்ப அவதான் சொன்னா. உனக்கு ஒரு வரன் வந்துதாமே.

— வேற வேலையில்ல அவளுக்கு. அது பழைய கதை. சிந்தாதிரிப்பேட்டைக்காரர், டிராயிங் மாஸ்டர். நல்ல மனுஷன். பூக்கடையில நிக்கிற மாதிரி கூச்சப்பட்டுக்கிட்டே நம்ம வாசல்ல நின்னார். அந்த வருஷம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம். நான் போயிட்டா அப்பாவை யாரு புரட்டிப் படுக்க வைப்பாங்க? காத்திருக்கேன்னு சொன்னார். எவ்வளவு நாள் காத்திருப்பார்? அவங்க வீட்லயும் வயசானவங்க இருப்பாங்கள்ல.

— எனக்கு ஒரு வார்த்தை எழுதலையே.

— எழுதினா வந்திருப்பியா? விட்டிருப்பாங்களா? கேளு, நான் உன்னைக் குத்தம் சொல்லல. ஒருத்தி சாமிக்கு, ஒருத்தி வீட்டுக்கு. அப்படி மனசைத் தேத்திக்கிட்டேன். அப்பாவுக்குத் துணி மாத்துறப்ப, நாத்தத்துல கொமட்டிக்கிட்டு வரும். இந்நேரம் அக்கா கோயில்ல முழங்கால் போட்டிருப்பான்னு நினைச்சுக்குவேன். உடனே சரியாயிடும். நீ அங்க இருந்ததாலதான் என்னால இங்க இருக்க முடிஞ்சுது அக்கா.

— லூயிசா, நான் ஒண்ணு...

— அதோ, பச்சை கேட் போட்ட வீடு தெரியுதா? நம்ம பங்குல பவுல்சாமின்னு ஒருத்தர், அவர் வீடு. அவர் மக மடத்தை விட்டு வந்துட்டா, தெரியுமா? போன வருஷம்.

— எதுக்கு வந்தாளாம்?

— யாருக்குத் தெரியும். தலைமுடி கூட இன்னும் சரியா வளரல, முக்காடு போட்டுக்கிட்டுக் கோயிலுக்கு வருவா. அவ உக்கார்ற பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்க.

— நீ?

— நான் பெண்கள் சபைத் தலைவி. எனக்கு முன் வரிசையில எடம்.

— அவளைப் போய்ப் பாத்துட்டு வரலாமா? ஒரு நிமிஷம்.

— நீயா? ஒரு கன்னியாஸ்திரி அந்த வீட்டுப் படியேறினா பவுல்சாமி வெக்கத்துலயே செத்துடுவார். அவர் அந்தப் பொண்ணோட பேசுறதே இல்லையாம், தட்டை வச்சுட்டு நகந்துடுவாராம். எழுந்திரு, அடுத்த ஸ்டாப் நம்மளது.

*

— பங்குப் பெண்கள் எல்லாரும் போயாச்சா? கதவைச் சாத்திட்டு இப்படி வந்து உக்காரேன் லூயிசா. கொஞ்சம் பேசணும்.

— வஞ்சிரம் கருகிடும் அக்கா. விடியக்காலையே நொச்சிக்குப்பம் போய் வாங்கிட்டு வந்தேன். நீ பேசு, எனக்குக் காது இங்கதான் இருக்கு.

— நீ பாடம் நடத்துற ஸ்கூல்ல சயின்ஸுக்கு ஆள் தேடுறாங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தியே.

— ஆமா, மூணு மாசமாத் தேடுறாங்க. ஏன், உங்க மடத்துலேருந்து யாரையாவது அனுப்புவாங்களா?

— இல்ல. சும்மா கேட்டேன்.

— அந்தப் பெண்கள் எல்லாம் படியிறங்குறப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? லூயிசா டீச்சர், உங்க வீடு புண்ணியம் பண்ணின வீடுன்னாங்க. எங்கிட்ட யாரும் அப்படிப் பேசினதில்ல அக்கா. கல்யாணமாகாத டீச்சர்னா தெருவுல ஒரு இளக்காரம்தான். நான் நடந்து போனா பின்னால ஏதாவது சொல்லுவாங்க, காதுல விழாத மாதிரி போயிடுவேன். நேத்தையிலேருந்து பாரு, எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க.

— அது உனக்குப் பிடிச்சிருக்கா?

— பிடிச்சிருக்கு. ஏன் பொய் சொல்லணும். தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு ருசியே போயிடுச்சு எனக்கு. பல நாள் நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். நீ ஒருத்தி அங்க இருக்கேங்கிறதுதான் என்னைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. அது ஒண்ணும் இல்லாம போயிருந்தா, நான் இந்த வீட்ல என்னத்துக்கு உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது. ஏதோ பேசணும்னியே?

— மீன் வாசனை நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்.

— அம்மா பக்குவம். உக்காரு, எலை போடறேன்.

*

— எந்தப் பெட்டின்னு பாத்தியா அக்கா? கூட்டத்தைப் பாரு.

— நான் பாத்துக்கறேன். நீ கிளம்பு லூயிசா. அப்புறம் பஸ் கிடைக்காது.

— கிளம்பறேன். வண்டி நகர்றதை நான் பாக்க மாட்டேன். அன்னைக்கு நீ போறப்ப பிளாட்பாரம் முடியிற வரைக்கும் கூடவே ஓடி வந்தேன். அம்மாதான் என் பாவாடையைப் பிடிச்சு இழுத்தாங்க. அப்புறம் யாரை வழியனுப்ப வந்தாலும் பாதியிலேயே திரும்பிடுவேன்.

— நான் இங்கேயே இருந்திருந்தா, உனக்கு...

— இருந்திருந்தா சிந்தாதிரிப்பேட்டையில எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருந்திருக்கும். அதை நினைக்க வைக்காதே. நினைச்சா இன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுக்குள்ள என்னால போக முடியாது.

— சரி. நினைக்க வேண்டாம்.

— எனக்காக ஜெபிப்பியா?

— ம்.

— தினமும்?

— தினமும்.

— எனக்கு அது போதும். உடம்பைப் பாத்துக்கோ. போயிட்டு வா அக்கா.

*

— ஆலிஸ்... ஏண்டி, என்னடி இது? வண்டி போயிடுத்தே. பிளாட்பாரமே காலியாக் கெடக்கு, நீ பெஞ்சுல உக்காந்துண்டிருக்கே?

— மாமியாரை விட்டுட்டு எப்படி வந்தே பங்கஜம்?

— பக்கத்தாத்து மாமியை உக்கார வச்சுட்டு ஓடி வரேன். நேத்திக்கு நீ படியிறங்கிப் போனதுலேருந்து எனக்கு மனசே சரியில்லை. இன்னொரு தடவை பாத்துடணும்னு தோணித்து. லூயிசா எங்கே?

— வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

— கூட்டத்துல ஏற முடியலையா?

— ஏறல. வண்டி நின்னுக்கிட்டே இருந்துச்சு, கார்டு விசில் அடிச்சார், போயிடுச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

— ஒடம்பு கிடம்பு சரியில்லையா? கை இப்படிச் சில்லுன்னு இருக்கே. எழுந்திரு, சாந்தோம்ல லூயிசாகிட்ட கொண்டு விடறேன்.

— அங்க வேண்டாம். அவ நிம்மதியாப் போயிருக்கா.

— சரி, அப்போ எங்காத்துக்கு வா. நாளைக்கு வண்டிக்கு எங்காத்துக்காரரை விட்டு டிக்கெட் வாங்கச் சொல்றேன். இப்போ மடத்துக்கு ஒரு டிரங்க் கால் போட்டுச் சொல்லிடலாம், ஒன்னைக் காணோம்னு அவாள்லாம் கவலைப்பட மாட்டாளோ?

— அங்க யாரும் என்னைத் தேட மாட்டாங்க பங்கஜம். மடத்தை விட்டு வந்து ரெண்டு மாசமாச்சு. லூயிசாகிட்ட, இனிமே உன்னோடயே இருந்துடட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன்.