ஏழு பேருக்கு எட்டுப் பை

— அந்தப் பையை எத்தனை தரம்ண்ணே பிரிப்பே? கட்டறே, பிரிக்கறே, மறுபடி கட்டறே. பாக்கற எனக்கே தலை சுத்துது.

— நீ புகையைப் பாரு நொயெமி. எந்தப் பக்கம் சாயுது?

— இப்பத்தானே பாத்துச் சொன்னேன்! தெக்கால, கோன்யாரிப்பே ஊர்ப் பக்கம். நாளைக்கு நாம ஏறற பக்கம் சுத்தமா இருக்கு. ஊருக்குள்ள எரிமலை எச்சரிக்கை விளக்கும் பச்சைதான். மலையே சும்மா கிடக்கு, நீதான் குதிச்சிட்டிருக்கே.

— அது சும்மா கிடக்காது. நாம ஏமாறணும்னு கண்ண மூடிட்டிருக்கும். புகை மாஸ்க் எல்லாம் சரியா இருக்கா?

— இருக்கு, இருக்கு. ஆமா, ஏழு பேருக்கு எதுக்கு எட்டுப் பை?

— ஒருத்தன் கடைசியில சேந்தான்.

— எவன்? மத்தியானம் பூட்ஸ் அளவு பாக்க வந்தது சந்தியாகோவுலேருந்து வந்த புதுமாப்பிள்ளை, அவன் பொண்டாட்டி, அந்தப் பல் டாக்டர், வாய் ஓயாத பிரேசில்காரனுங்க நாலு பேர். அவ்ளோதானே?

— இவன் நம்ம ஊரு, புக்கோன்காரன்தான். உன் முதுகுக்குப் பின்னாலயே நடக்க விடு. வரிசைக் கடைசியில விட்டுடாதே.

— ஏன், தொட்டில் குழந்தையா?

— பயந்தவன். போன வருஷம் சிவப்புப் பாறைக்குக் கீழ சறுக்கிட்டான். பனிக் கோடாரிய ஓங்கிக் குத்தினான், பனி கல்லு மாதிரி இறுகிக் கிடந்துது, பிடிக்கல. பனிப் பிளவு வாய்க்குக் கொஞ்சம் முன்னால ஒரு பாறை தடுத்துது. இல்லேன்னா ஆளே இல்ல.

— இது எனக்குத் தெரியாதே! யாரு கூட்டிட்டுப் போனா?

— தனியா போனான். யாருகிட்டயும் சொல்லல. அவசரத்துல, முதல் பனியில மாவு கூடப் போடல.

— மாவு போடாமலா? மலைகிட்ட உத்தரவு கேக்காம கால வச்சானா? வெளியூர்க்காரன்கூட நாம சொன்னா ஒரு பிடி வறுத்த மாவு தூவிட்டுத்தானே ஏறறான். நம்ம ஊர்ல பொறந்துட்டு இப்படியா?

— மெதுவாப் பேசு, பாஸ்டர் வீட்டு ஜன்னல் தெறந்திருக்கு.

— கேக்கட்டுமே, அவரும் மாவு எடுத்துட்டுத்தான் ஏறினாரு. அண்ணே, இந்த ஆளு எனக்கு வேணாம். பாதி வழியில கால் நடுங்கி உக்காந்துட்டான்னா மத்தவங்கள யாரு பாக்கறது? நீயா? நீ முழங்கால் வலின்னு ஆபீஸ் மேசையே கதின்னு ஆயிட்டே. ஒரு வருஷமா நான்தான் முன்னால நடக்கறேன். அடுத்த வருஷம் வரச் சொல்லு.

— நாளைக்கு ஏறலன்னா அவன் இனி ஏறவே மாட்டான்.

— ஏறாட்டி போகட்டுமே. மலை ஏறாம ஊர்ல எத்தனை பேரு நல்லாத்தான் இருக்காங்க.

— அவனுக்கு வேற எதுவும் தெரியாது நொயெமி. கண்ண மூடினா கால் வழுக்குதாம். குளிக்கற இடத்துல ஈரத் தரையப் பாத்தாக்கூட சுவத்தப் பிடிச்சிக்கிறானாம். வெளிய சொல்ல வெக்கம்.

— பாவம்தான். சரி, ஒரு கண்டிஷன். நான் திரும்புன்னா திரும்பணும். வாய் பேசக் கூடாது.

— பேச மாட்டான்.

— வழியில அழக் கூடாது.

— அதுக்கு நான் பொறுப்பில்ல.

— என்ன ஆளோ! போகட்டும், இப்பவே வரச் சொல்லு. பூட்ஸ் மாட்டினதும் முதல் முடிச்சை முன்னால நடக்கறவங்கதான் போடணும். நீ வச்ச சட்டம்தானே? பூட்ஸ் கயிறு எங்க?

— இந்தா கயிறு.

— ஆளு எங்க?

— வந்து ரொம்ப நேரமாச்சு. கீழ உக்காரு, இந்தா கால்.

— அண்ணே… உன் முழங்கால்?

— முழங்காலுக்கு ஒருநாளும் ஒண்ணும் ஆகல நொயெமி. இறுக்கிக் கட்டு.