காசிக்குப் போனவரின் கைக்கடிகாரம்

கல்யாண வீட்டுப் பாயசம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. நேற்றுக் காலையும் நான் அதைத் தொடவில்லை. ஆகவே நடந்தது எதுவும் மயக்கத்தில் நடந்ததன்று என்பதைத் தெருச்சபைப் பெரியோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

என்னை நீங்கள் அறிவீர்கள். தமிழாசிரியன். விடியலில் கல்பாத்திப் புழையில் முழுகி, பதிகம் ஒன்றைப் பண்ணோடு பாடி முடிக்காமல் ஒரு வாய்க் காப்பி அருந்தாதவன். எஞ்சிய பொழுதில் பழைய கைக்கடிகாரங்களைச் செப்பனிடுகிறேன். செய்யுளில் ஒரு சீர் சிதைந்தால் அடி முழுவதும் நொண்டும், கடிகாரமும் அவ்வாறே. சிதைந்த சீருக்கு உரிய பாடம் வேறோர் ஏட்டில் கிடைத்தால் அதை எடுத்துக் கோப்பது புலவர் கடன். அதைத் திருட்டு என்று எவரும் சொன்னதில்லை.

கம்பம்மெட்டு ஏலக்காய்ச் சந்தையில் ஒரு வெள்ளிக் கடிகாரம் வாங்கினேன். முதல் உலகப் போரில் எவனோ ஒரு துரை கட்டியிருந்தது. பெரிய முள் இல்லை; கண்ணாடி இல்லை; முன்னும் பின்னும் ஆடிக் கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கும் பேலன்ஸ் சக்கரம் அச்சு முறிந்து கிடந்தது. முள் என் மைத்துனன் பிச்சைமணியின் கடிகாரத்திலிருந்து வந்தது. அன்று முதல் அவன் மணியை அறிந்து நிமிடத்தை அறியாமல் வாழ்கிறான்; முன்னிலும் நிம்மதியாகவே தோன்றுகிறான். கண்ணாடி எங்கள் தலைமையாசிரியருடையது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சக்கரம் மட்டும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர்க் கடைகளில் சிரித்தார்கள்.

அந்நாளில்தான் என் மகள் ஞானத்துக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். சென்னையிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். நல்ல குலம், நல்ல குணம், புதுக் கடிகாரம். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினேன். திருச்சியிலிருந்து வந்தவர் கடிகாரமே கட்டவில்லை. அத்தகையவரை நம்பிப் பெண்ணை எப்படிக் கொடுப்பது?

பிறகு சுப்பராமன் வந்தார். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதுபவர். பஜ்ஜிக்குக் கை நீட்டினார், சட்டைக்கை விலகிற்று. அதே வெள்ளி, அதே வார்ப்பு. என் கடிகாரத்தின் உடன்பிறப்பு.

"ஏன்னா, பிள்ளையாண்டான் எப்படி?" என்று என் மனைவி சேஷம்மாள் சமையற்கட்டில் கேட்டாள்.

"வெளியே பழுதில்லை. உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும்" என்றேன்.

"நன்னாருக்கு, மனுஷாளைப் பத்திப் பேசற பேச்சு."

அன்றே தாம்பூலம் மாற்றச் சொன்னேன்.

ஒரு தடை இருந்தது. தகப்பனார் நினைவாக வந்ததென்று சுப்பராமன் அதைக் கழற்றுவதே இல்லை. துடைத்துத் தருகிறேன் என்று பலமுறை சொல்லியும் பயனில்லை. அப்போதுதான் சாஸ்திரம் கைகொடுத்தது. மணமகன் துறவு பூண்டு, குடையும் தடியுமாகக் காசிக்குப் புறப்படுவதும், பெண்ணின் தகப்பன் எதிரே போய், மகளைத் தருகிறேன், திரும்பி வாரும் என்று அழைப்பதும் நம் வழக்கம் அல்லவா? நேற்று அப்படிப் புறப்பட்டு வாசலில் நின்றவரிடம் சொன்னேன்: "காசிக்குப் போறவருக்கு நேரம் பார்க்க என்ன இருக்கு, மாப்பிள்ளை?"

அவர் சாஸ்திரத்தில் ஊறியவர். கண் கலங்கிக் கழற்றிக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்த் தாழிட்டேன். சிறு வேலைதான். அவர் நாலடி நடப்பதற்குள் முடித்துவிட்டு அழைக்கப் போயிருப்பேன். ஆனால் திருகாணி ஒன்று அப்பளத் தூக்குக்குள் விழுந்தது.

பிச்சைமணி கதவைத் தட்டினான். "அத்திம்பேரே, மாப்பிள்ளை தேர்முட்டி தாண்டியாச்சு."

"மெல்ல நடக்கச் சொல்லு."

மறுபடி வந்தான். "பாலமும் தாண்டியாச்சு, கேட்டேளா? நான் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறார். பொண்ணோட அப்பா வாயால கூப்பிடணுமாம். நாயனக்காரனும் நிறுத்தச் சொல்ல ஆளில்லேன்னு கூடவே ஊதிண்டு போறான்."

சேஷம்மாள் கதவுக்கு வெளியே அழுதாள். நான் கல்நெஞ்சன் அல்லன். ஒரு கண்ணில் நீர் வந்தது. மற்றொரு கண்ணில் லென்ஸ் பொருத்தியிருந்ததால் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சக்கரம் அமர்ந்தது, துடித்தது. கைகூப்பினேன். மாப்பிள்ளையின் கடிகாரம் நிற்கும் முன் காட்டிய நேரத்தோடு வேலைக்குப் பிடித்த பொழுதைக் கூட்டிக் கணக்கிட்டு முள்ளை வைத்தேன். புத்துயிர் பெற்ற அக்கடிகாரம் எனக்குச் சொன்ன முதற்செய்தி, முகூர்த்தம் கடந்துவிட்டது என்பதே. அதைத் துல்லியமாகச் சொன்னது.

முறிந்த சக்கரத்தை மாப்பிள்ளையின் கடிகாரத்தில் வைத்து மூடினேன். எதையும் வெறுமையாக விடுவது என் வழக்கமன்று.

மீதியைக் கஞ்சிக்கோட்டு விவசாயி ரத்தினசாமி சற்று முன் இங்கேயே சொன்னார்: "வெயில்ல குடையோட நடந்துட்டிருந்தாருங்க. எங்கீங்க சாமின்னேன், காசிக்குன்னாரு. நானு கஞ்சிக்கோடு மட்டுந்தானுங்க, ஏறுங்கன்னேன். இப்ப எங்கூட்டுல உக்காந்துட்டு, மாமனார் வந்து கூப்பிடாம எந்திரிக்க மாட்டேங்கறாருங்க. நாயனக்காரரும் நிறுத்த மாட்டேங்கறாரு. நேத்திருந்து எருமை பால் சுரக்கறதில்லீங்க."

நாளைக் காலை மற்றொரு முகூர்த்தம் இருக்கிறது. அதையும் விட்டால் ஆடி பிறந்துவிடும். அதன்பின் இந்தச் சம்பந்தம் நிற்காது. உடனே போய் அழை என்கிறீர்கள். போகத்தான் போகிறேன். ஆனால் ஞானம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, அவர் கடிகாரம் ஓடற கடிகாரமாத்தான் அவர் கைக்குத் திரும்பணும். இல்லேன்னா நான் கழுத்தை நீட்ட மாட்டேன், மனசிலாச்சோ?" என்றாள்.

அக்கணமே சம்மதித்தேன். பெற்ற மகளுக்கு முன் கடிகாரம் எம்மாத்திரம்? அவள் வாழ்வுக்காக எதையும் விட்டுக்கொடுப்பேன். மாப்பிள்ளையின் கடிகாரம் ஓடும். அது என் பொறுப்பு. துடிக்கத் தொடங்கிவிட்ட என் வெள்ளிக் கடிகாரத்தை மீண்டும் கொல்வது மட்டும் பாவம்; அதை நீங்களும் ஒப்புவீர்கள். ஆகவே இன்னும் ஒரு சக்கரம் வேண்டும். அத்துடன் இந்த ஆசை என்னை விட்டு நீங்கிவிடும்.

சற்று முன் சபைக்கு வணக்கம் சொல்லக் கை உயர்த்தியபோது ரத்தினசாமியின் சட்டைக்கை விலகி அதே வெள்ளி மின்னியதை உங்களில் யாரும் கவனிக்கவில்லை.

ரத்தினசாமி, வண்டியைப் பூட்டுங்கள், புறப்படுவோம். வெயில் கடுமை, வழியில் உங்களுக்குக் கை வியர்க்கும். அதை இப்போதே கழற்றி என்னிடம் கொடுத்துவிடுங்கள். பத்திரமாக வைத்திருப்பேன்.