மோந்து பாக்கற வேலை

இல்ல சார், என்னைய மோந்து பாக்கச் சொல்லாதீங்க. அந்தப் பிளாஸ்டிக் துண்டத் தரைல போடுங்க, சத்தத்த வச்சே சொல்லிடறேன். ம்ம்... இது வாளி. இப்பப் போட்டது பைப்பு. நீங்க மாட்டப் போற மெஷின்ல அப்படியே பதிஞ்சுக்கோங்க.

யாரு, முதலாளியா சொன்னாரு, மூக்கரசியக் கேளுங்கன்னு? அவர் வச்ச பேருதான். முப்பது வருஷமா இந்தக் குடோன்ல எனக்கு வேற பேரே இல்ல. பிளாஸ்டிக்கத் தரம் பிரிக்க அப்ப ஏது மெஷினு? துண்ட ஒடைச்சு, லைட்டரால ஓரத்தக் கொளுத்தி, ஊதி அணைச்சு, மூக்குகிட்ட வைக்கணும். மெழுகுவத்தி அணைச்ச வாசம் வந்தா இந்த மூட்டை. முடி கருகுன மாதிரின்னா நைலான், அந்த மூட்டை. சுர்ருனு மூக்கக் கடிச்சா பைப்பு, அத தூரப் போடணும். உருக்கறப்ப அது ஒரு துண்டு கலந்தாலும் மொத்தச் சரக்கும் போச்சு.

நான் வந்த புதுசுல என்ன இருந்துச்சு? வாளி, சீப்பு, சோப்பு டப்பா. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிடலாம். இப்ப ஒரு பிஸ்கட் கவர எடுங்க, நாலு தினுச ஒண்ணுமேல ஒண்ணா ஒட்டி வச்சிருக்கான். கொளுத்தினா புருஷன் பொண்டாட்டி சண்ட மாதிரி, எது எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியாது. சிரிங்க சார், பரவால்ல.

மெஷின் வந்தா வேலை போயிடும்னு நான் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கேன்னு நெனச்சீங்களா? சீக்கிரம் மாட்டுங்கன்னுதான் கேக்கறேன். அதோ, ஜன்னலோரம் நீலச் சட்டை போட்டவ, நேத்து வந்து, அக்கா, சாப்பாட்டுல உப்பும் உறைப்பும்தான் தெரியுது, வேற ருசியே இல்லங்கறா. சளியா இருக்கும்னு அவளே சொல்லிக்கறா.

எனக்கும் வாசம் அப்படித்தானே போச்சு. ஒரே நாள்ல போயிருந்தா தெரிஞ்சிருக்கும். கொஞ்சங்கொஞ்சமாப் போச்சு. சுடரோட நெறத்தையும் சத்தத்தையும் வச்சுக் கை பாட்டுக்குப் பிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. மூக்குதான் சொல்லுதுன்னு நானும் நம்பிக்கிட்டு இருந்தேன்.

எப்பத் தெரிஞ்சுதா? ஆஸ்பத்திரில. டாக்டரு பஞ்ச நனைச்சு மூக்குகிட்ட நீட்டி, இது என்னம்மான்னாரு. தண்ணின்னேன். ஸ்பிரிட்டாம். முப்பது வருஷம் இழுத்த பொகைன்னாரு.

இல்ல சார், நான் எனக்காகப் போகல. கையில இருக்கறது சும்மா தழும்பு. எம்பொண்ணத்தான் தூக்கிட்டுப் போயிருந்தோம். இருபத்திமூணு வயசு. நாலு நாள் இருந்தா.

அன்னிக்குக் காலைல அவளுக்கு ஜலதோஷம், மூக்கடைப்பு. அடுப்பு முன்னால நின்னுக்கிட்டு, அம்மா, கேஸ் வாடை வர்ற மாதிரி இருக்கு, எனக்குச் சரியாத் தெரியல, நீ வந்து பாருன்னா. போனேன். குனிஞ்சு, டியூப் பக்கத்துல மூக்க வச்சு, நல்லா இழுத்துப் பாத்தேன்.

ஒண்ணும் இல்லடி, பத்த வைன்னேன்.

பத்த வச்சா.